வலென்சியாவில் எங்கே தங்குவது

பிப்ரவரி 9, ஞாயிறு

விசா ஏஜென்ட் காலையிலேயே கூப்பிட்டுவிட்டான். தங்குமிடத்துக்கு முன்பதிவு செய்து அந்தத் தாளைக் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகருமாம். வலென்சியாவில் எந்தப் பகுதி சார் என்று கேட்டான். ஊர் பெயரைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பகுதிக்கு நான் எங்கே போவேன்?

இத்தனை வருடத்தில் இந்த வேலையை நான் செய்ததில்லை. காசி, பூரி, கேங்டாக், ஒரு முறை கொழும்பு. எங்கே போனாலும் எந்தத் தெருவில் தங்குவது என்று முடிவு செய்பவள் சுலோச்சனாதான். கோயம்புத்தூர் தபால் நிலையத்தில் ஓய்வு பெறும்வரை தெருவாரியாகக் கடிதம் பிரித்தவள். விலாசத்தைப் படிக்கும்போதே அந்தத் தெரு கண்ணுக்குள் வந்துவிடும் என்பாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடப்பது என் வேலை. மில்லில் நூலுக்கு முறுக்கு பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

இந்த முறை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மகள் மிருதுளாவுக்கு ஆச்சரியம். ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். எங்கள் பயணத்தின் கடைசியில் அவளும் வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. மாலை வீடியோவில் வந்தாள்.

"அம்மா எதுக்குப் பாக்கல? அவங்களுக்குத்தான் இதெல்லாம் உசுராச்சே."

"கண்ணு வலிக்குதாமா. கம்ப்யூட்டர் பாக்க முடியலீன்னா."

சுலோச்சனா பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை மறுக்கவில்லை. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

பிப்ரவரி 12, புதன்

சிலிண்டர் வந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தான். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. யாருக்கும் நடப்பதுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மிருதுளா பழைய நகரத்தில் எடுக்கச் சொல்கிறாள். பெரிய சந்தை, தேவாலயம், மணிக்கூண்டு எல்லாம் நடக்கிற தூரம்தானாம். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

கணினியில் தெருவுக்குள்ளேயே நடந்து போவதுபோலப் பார்க்க முடிகிறது. சந்தை வாசலில் ஆரம்பித்தேன். மேசை நாற்காலி போட்ட ஒரு சந்தில் திரும்பினேன். அது இன்னொரு சந்தில் கொண்டுபோய் விட்டது. அதற்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மஞ்சள் சுவர், ஒரே இரும்பு பால்கனி. வந்த வழியைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

மிருதுளாவிடம் வேறு காரணம் சொன்னேன். "அங்க சத்தம் ஜாஸ்தியாமா கண்ணு. தூங்க விட மாட்டாங்களாம்."

"உங்களுக்குப் பக்கத்துல நின்னு பேசுனாலே கேக்காதேப்பா."

"அம்மாவுக்குக் கேக்குமல்ல."

அவள் சிரித்தாள். நான் அங்கே வெயில் எப்படி என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

மார்ச் 2, ஞாயிறு

கடலோரத்தில் கபன்யால் என்று ஒரு பகுதி. முன்பு மீனவர்கள் இருந்த இடமாம். தாழ்வான வீடுகள், முகப்பு முழுக்கப் பூப்போட்ட ஓடு பதித்து ஒவ்வொன்றும் ஒரு நிறம். சுலோச்சனா என் தோளுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க போலாமுங்க. வாசல்ல சேர் போட்டு ஒக்காந்திருக்கறாங்க பாருங்க."

"பழைய கட்டடம். லிஃப்ட் இருக்காது."

"மாடில எடுக்காட்டிப் போகுது."

பார்க்கலாம் என்றேன். எடுக்கப் போவதில்லை. அந்தத் தெருக்கள் எல்லாம் முடிகிற இடம் கடல். நிற்காமல் நடக்கிற ஒருவர் நேராக அங்கே போய்விடலாம். ஜனவரியில் காந்திபுரத்தில் அவளைத் தேடி அலைந்த மதியத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். பஸ் மாறி ஏறிவிட்டாள், அவ்வளவுதான். பூக்கடைக்காரர் ஒருவர் அடையாளம் சொன்னார், கிடைத்துவிட்டாள். கடலில் பூக்கடை ஏது?

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்த்தோம். சுலோச்சனாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். அவர் சொன்ன பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வெளிநாட்டுப் பயணம் போகலாமா என்று கேட்டேன். "இப்பவே போயிட்டு வந்துருங்க" என்றார். அந்த 'இப்பவே' எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஆட்டோவில் சுலோச்சனா கேட்டாள். சத்துக் குறைவு என்றேன். வரும் வழியில் மாத்திரையும் தோசை மாவும் வாங்கினோம்.

மார்ச் 9, ஞாயிறு

கிடைத்துவிட்டது. பழைய நகரத்துக்கு வெளியே, பிற்பாடு திட்டம் போட்டுக் கட்டிய பகுதி. மேலிருந்து பார்த்தால் கோடு போட்ட காகிதம்போல இருக்கிறது. எல்லாத் தெருவும் நேர். அகலமான நடைபாதை, நிழலுக்கு மரம், ஒவ்வொரு சந்திப்பிலும் விளக்கு. சந்து என்பதே கிடையாது. மூன்றாவது மாடியில் சமையலறையோடு ஒரு வீடு. லிஃப்ட் உண்டு, கீழே வரவேற்பில் ஆள் உண்டு. பணத்தைக் கட்டி முடித்தேன். பெண்டாட்டியின் உதவி இல்லாமல் செய்த முதல் முன்பதிவு. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சுலோச்சனா வரைபடத்தைப் பார்த்தாள். "மூலையெல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க."

"அதான் சௌகரியம்."



ஏப்ரல் 11, வெள்ளி

விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும்.

மே 5, திங்கள்

மாட்ரிட்டில் இறங்கி அங்கிருந்து ரயில். சுலோச்சனா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. ஆரஞ்சுத் தோட்டங்கள் வந்ததும் என் முழங்கையைத் தட்டினாள். நன்றாக இருந்தாள். எதற்கு இவ்வளவு பயந்தேன் என்று தோன்றியது.

வீடு சுத்தமாக இருக்கிறது. வரவேற்பில் இனெஸ் என்று ஒரு பெண், என் பெயரை நாச்சிமுட்டோ என்கிறாள். அடுப்பில் நெருப்பு வராது, தொட்டால் சூடாகும் கண்ணாடி. ரசம் வைத்து முடிப்பதற்குள் அது மூன்று முறை தானாக அணைந்தது.

மே 6, செவ்வாய்

துணி துவைத்தேன். அவளுக்குக் கால் வீக்கம், அதனால் சும்மா தெருவைச் சுற்றினோம். இங்கே ஒரு விசேஷம், சந்திப்புகளில் கட்டடங்களின் மூலையைச் சீவிவிட்டதுபோலக் கட்டியிருக்கிறார்கள். நான்கு பக்கமும் சீவிய மூலை. ஒன்றில் காப்பிக் கடை, ஒன்றில் மருந்துக் கடையின் பச்சைச் சிலுவை. அடுத்த சந்திப்பிலும் அதேபோல ஒன்று. ஓரிடத்தில் நானே நின்று யோசிக்க வேண்டியிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான புதிதில்கூட ரோட்டில் கை பிடித்ததில்லை.

மே 7, புதன்

காலையில் மிருதுளாவோடு இருவரும் வீடியோவில் பேசினோம். பிறகு நான் சவரம் செய்யப் போனேன். கீழே கடையில் தயிர் வாங்கி வருகிறேன் என்று சுலோச்சனா குரல் கொடுத்தாள். இரு, நானும் வருகிறேன் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கதவு சாத்தியிருந்தது.

கடை எங்கள் கட்டடத்தை ஒட்டியேதான். அங்கே இல்லை. அவள் போன் வீட்டு இணையத்தில்தான் வேலை செய்யும். வெளியே எடுத்துப் போனால் வெறும் கடிகாரம். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தெருவில் ஓடினேன். முதல் சந்திப்பில் காப்பிக் கடை. அடுத்ததில் காப்பிக் கடை. வெளியே உட்கார்ந்திருந்தவர்களிடம் அவள் படத்தைக் காட்டினேன். ஒரு ஜோடி, தாங்களும் வெளியூர் என்றார்கள். ஒரு பெரியவர் படத்தை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். பிறகு எந்தச் சந்திப்பில் கேட்டேன், எதில் கேட்கவில்லை என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. அந்தப் பெரியவரிடமே மறுபடி போய்ப் படத்தை நீட்டினேன்.

மத்தியானத்துக்கு மேல் நான் திரும்பி வந்து சொன்னதும் இனெஸ் போலீசுக்குப் போன் செய்தாள். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என்ன உடை என்று கேட்டாள். நீலச் சேலை என்றேன். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அப்போது மிருதுளா கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா எங்க?"

"கீழ தயிர் வாங்கப் போயிருக்கறா."

"எப்பப் போனாங்க?"

"இப்பத்தான் கண்ணு. வந்துருவா."

"அப்பா, அம்மா கடல்கிட்ட இருக்கறாங்க. கபன்யாலோ என்னமோ சொன்னாரு. ஒரு கடைக்காரரு அம்மா போன்ல வைஃபை போட்டு எனக்குக் கூப்பிட்டாரு. போட்டோ அனுப்பிச்சிருக்கறேன், பாருங்க."

பார்த்தேன். நீல ஓடு பதித்த ஒரு வீட்டு வாசலில், நாற்காலியில், நீலச் சேலை.

டாக்சியில் போனேன். சாய்ந்த வெயில் தெருவின் ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தது. வாசலில் சுலோச்சனாவும் அவள் வயதொத்த ஒரு பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துக்கொண்டு, மொச்சைபோல ஒரு பெரிய பச்சைக் காயை உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பெயர் அம்பாரோ. போன் செய்த விசென்ட் மூலையில் மதுக்கடை வைத்திருக்கிறவர், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர்.

"வாங்க, ஒக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா?" என்றாள் சுலோச்சனா. நம் வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல.

உட்கார்ந்தேன். அம்பாரோ என்னிடம் நிறையப் பேசினாள். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள், மறுபடி ஒரு வட்டம் போட்டாள், பிறகு தன் கையாலேயே தன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். விசென்ட் சொன்ன பிறகுதான் புரிந்தது. முதல் முறை சுலோச்சனா அந்த வழியாகப் போனபோது அம்பாரோ பார்த்திருக்கிறாள். அதே முகம் இரண்டாவது முறை வந்ததும் எழுந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது டிராமில் வந்தோம். கூட்டம் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாம இருங்க, நான் சொல்றனுங்க" என்றாள். "தயிர் கெடைக்கல. அடுத்த கடைக்குப் போனன். திரும்புனா எல்லா மூலையும் ஒண்ணு. பத்துத் தடவ ஒரே மூலைக்கு வந்தனோ, பத்து மூலைக்கு ஒரு ஒரு தடவ போனனோ. அது தெரிஞ்சா வீட்டுக்கே வந்திருப்பனல்ல."

"யாருகிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"என்னன்னு கேக்கறது? வீட்டு பேரு வரோணுமல்ல. காப்பிக் கடைல ஒக்காந்திருந்தவங்க முன்னால எத்தன தடவ போனன், ஒருத்தரும் நிமுந்து பாக்கல. தப்பு இல்லீங்க. பாதிப் பேரு நம்மள மாதிரி வந்தவங்கதான? அப்பறம் ஒரு பஸ் நின்னுது. ஏறிட்டன். பஸ்ஸுன்னா எங்கயாவது போயி நிக்குமல்லங்க. நிக்கற எடத்துல ஆளுக இருப்பாங்க."

டிராம் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"டாக்டரு என்ன சொன்னாருங்க?"

"சத்துக் குறைவுன்னு..."

"எனக்கு வந்த கடுதாசிய நீங்க பிரிச்சுப் படிச்சுட்டு வெச்சுக்கிட்டீங்க." கோபமாகச் சொல்லவில்லை. "முப்பது வருசம் ஊர் கடுதாசி அத்தனையும் என் கையில போச்சு. ஒண்ண நான் வெச்சுக்கலீங்க."

சொன்னேன். அல்சைமர் என்று சொன்னேன். ஆரம்பம்தான், மாத்திரை இருக்கிறது, மெதுவாகத்தான் போகுமாம், எல்லாம் சொன்னேன். அவள் அந்தப் பெயரைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள், போக வேண்டிய ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பதுபோல.

இறங்குகிற இடம் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு எடம் மாத்திக்கலாமுங்க. எந்தத் தெருன்னு நான் சொல்றன்."

மே 8, வியாழன்

மிருதுளா காலையில் கூப்பிட்டாள். அவளிடமும் நோயின் பெயரைச் சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள். போன தீபாவளியிலிருந்து என்றேன். அழவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மே 9, வெள்ளி

கபன்யாலுக்கு வந்துவிட்டோம். அம்பாரோ வீட்டுக்கு எதிர் வரிசையில் ஓர் அறை, சமையலறை, தெருவைப் பார்த்த குட்டி பால்கனி. மாடிதான், லிஃப்ட் கிடையாது. விசென்ட் பேசி முடித்துக் கொடுத்தார்.

நேற்றே நான் சண்டை போட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். கடல் எவ்வளவு பக்கம் என்று தெரியுமா என்று கேட்டேன். நான் தூங்கும்போது நீ எழுந்து போனால் என்ன செய்வேன் என்று கேட்டேன். இதை அவளிடமே வாய்விட்டுக் கேட்டது முதல் தடவை.

"கதவுக்குக் குறுக்க உங்க கட்டலப் போட்டுக்கோங்க" என்றாள். "பகல்ல என்னய விட்டுருங்க."

கட்டிலை இழுத்துப் போட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது. அம்பாரோ ஒரு தைலம் கொடுத்தனுப்பினாள், வாசனை நம் ஊர்த் தைலம்போலத்தான்.

சாயங்காலம் சுலோச்சனா என்னை வீடு வீடாக அழைத்துப் போனாள். போய் நின்று தன் பெயரைச் சொல்லுவாள், எங்கள் பால்கனியைக் கையால் காட்டுவாள். பிறகு நெற்றியைத் தொட்டு, கையை விரித்துக் காட்டுவாள். இங்கே கொஞ்சம் சரியில்லை என்று. எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு இல்லை. ஒரு கிழவர் புரிந்துகொண்டு தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார். நானும் என் காதைத் தொட்டுக் காட்டினேன்.

மே 10, சனி

மிருதுளா வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னிடம் பெட்டியை மட்டும் கொடுத்தாள். என் வேலை எனக்கு.

மே 11, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிருதுளா தன் போனில் ஓர் இடத்தைக் காட்டினாள். கோயம்புத்தூருக்கு வெளியே, மலையடிவாரத்தில். தனித்தனி வீடு, சுற்றுச் சுவர், கேட்டில் ஆள், நர்ஸ் எப்போதும் இருப்பார்கள். இரண்டு நாளாகத் தூங்காமல் தேடியிருக்கிறாள், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டு பேரும் அங்கயே இருக்கலாம்மா. நான் நிம்மதியா இருப்பேன்."

சுலோச்சனா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "ரோட்டுல ஆளே இல்லயே கண்ணு."

"அதுதாம்மா நல்லது. நீங்க வெளிய போயிட முடியாது."

"போக முடியாதுதான். ஆனா நான் நின்னுட்டிருந்தா, யாரு இவங்கன்னு கேக்கவும் ஆள் இருக்காதே."

"அம்மா, ஒரு தடவ நல்லவங்க கையில கெடச்சீங்க. ஒவ்வொரு தடவையும் கெடைப்பீங்களா?"

மகள் கேட்டது நியாயம். மிருதுளா எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. நான் போய்ப் பக்கத்தில் நின்று, அவள் கழுவக் கழுவத் துடைத்து அடுக்கினேன்.

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?" திரும்பாமலே கேட்டாள்.

"சொன்னா அது நெசமாயிரும்னு இருந்துது கண்ணு."

ஒரு தட்டை என் கையில் கொடுத்தாள். கொஞ்சம் கழித்து அடுத்ததைக் கொடுத்தாள்.

மே 12, திங்கள்

காலையில் டீக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான் பால் இல்லை என்று தெரிந்தது. தெருக்கோடியில் திரும்பினால் கடை.

"நான் போயிட்டு வர்றனுங்க" என்றாள் சுலோச்சனா.

மிருதுளா எழுந்தாள். "இரு கண்ணு" என்றேன். சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று அப்போது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

இருவரும் பால்கனிக்கு வந்தோம். கீழே அவள் வாசலைத் தாண்டினாள். அம்பாரோ வாசலில் இல்லை, கதவு சாத்தியிருந்தது. சுலோச்சனா அதைப் பார்த்துவிட்டு நடந்தாள். தெருக்கோடியில் போய் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். மிருதுளா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கடிகாரம் அழுந்தியது. வாசலைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் தண்ணீரை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். சுலோச்சனா கையால் ஏதோ காட்டினாள். அவர் வலது பக்கம் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு இடது பக்கம் திரும்பினாள்.

"அப்பா."

"பாத்தேன்."

பிறகு தெருவில் யாரும் இல்லை. வாசல் கழுவினவரும் உள்ளே போய்விட்டார். உள்ளே தண்ணீர் கொதித்து வற்றியது. நான் போய் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு வந்தேன். என் வாயில் கந்த சஷ்டி வரிகள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன, பாதியிலிருந்து. மிருதுளா செருப்பை மாட்டினாள். கதவைத் திறந்தும்விட்டாள். அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. நானும் சட்டையைத் தேடினேன்.

அப்போது தெருவின் மறுகோடியில் பேச்சுக் குரல் கேட்டது. எனக்கே கேட்டது என்றால் சத்தமாகத்தான் பேசியிருக்க வேண்டும். பால்கனிக்கு ஓடினேன். அம்பாரோ ஒரு பக்கம், நாங்கள் இதுவரை பார்த்திராத குட்டையான ஒரு பெண் மறுபக்கம், நடுவில் சுலோச்சனா. மூவரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். சுலோச்சனா தமிழில்தான் பேசினாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் அவளே நின்றாள். மற்ற இருவரும் அதற்குப் பிறகுதான் நின்றார்கள்.

படியேறி வந்தாள். கையில் ஒரு காகிதப் பை. பிரித்து மேசைமேல் கொட்டினாள். மஞ்சள் நிறத்தில், எலுமிச்சையைவிடச் சின்னதாக, பெயர் தெரியாத பழங்கள்.

"பால் எங்கம்மா?" என்றாள் மிருதுளா. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"பாலா?" சுலோச்சனா பழங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சாமான் மாறிப் போச்சு கண்ணு. வீடு மாறலயல்ல."

மிருதுளா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழத்துக்குள் வழவழவென்று பெரிய கொட்டை, கொஞ்சம் புளிப்பு. நான் பால் இல்லாமலே டீ போட்டேன். மூன்று பேரும் குடித்தோம்.